பீவர், பன்றி, எல்க்: இரண்டு நாடுகள் ஒரு கோடு போட்ட கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு வேட்டையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

2010 அக்டோபர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், காசில்கார் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு பெண் எல்க்கைச் சுடுகிறார். எல்க் என்பது நம்ம ஊர் கடமான் மாதிரி, உருவத்தில் பெரிய மான் வகை. சுட்டவர் ஓடவில்லை, ஒளியவில்லை. வனவிலங்கு அதிகாரிகளுக்கு அவரே தகவல் சொல்கிறார். அவர்கள் இரண்டு குற்றச்சாட்டுகள் வைக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடியது ஒன்று. அந்த மாநிலத்தில் குடியிருக்காதவர் அங்கே வேட்டையாடியது இன்னொன்று. ஏன்னா அவர் அமெரிக்கக் குடிமகன், எல்லைக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்பவர்.

அவர் தரப்பு வாதம் இதுதான்: அவர் சினிக்ஸ்ட் என்ற பூர்வகுடி மக்களின் வழியில் வந்தவர். அந்தக் காடு அவருடைய முன்னோர்கள் காலங்காலமாக வேட்டையாடிய இடம். நடுவில் ஒரு சர்வதேச எல்லைக் கோடு வந்தது என்பதற்காக அந்த உரிமை எப்படிப் போகும்?

இந்த வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. முடிவு என்னன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கோட்டைப் போட்டது யார், எப்படிப் போட்டாங்கன்னு பார்க்கணும். நம்ம ஊர்ல வரப்புத் தகராறுன்னு சொல்லுவோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். என்ன, இந்த வரப்புக்கு ரெண்டு பக்கமும் நின்னது பிரிட்டனும் அமெரிக்காவும்.

நாலு பேர் கேட்ட நிலம்

மேப்பை மனசுல விரிச்சுக்கோங்க. வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம். கிழக்கே ராக்கி மலைத்தொடர், மேற்கே பசிபிக் கடல். தெற்கே 42-வது அட்சரேகை, அதாவது இன்றைய கலிஃபோர்னியாவின் வட எல்லை. வடக்கே 54 டிகிரி 40 நிமிடம், அதாவது அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதியின் தென்கோடி. இதற்கு நடுவில் இருந்த மொத்த நிலத்துக்கும் ஓரிகன் நாடு என்று பெயர். இன்றைய ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள், மொண்டானா, வயோமிங் மாநிலங்களில் ஒரு பகுதி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பகுதி எல்லாம் இதற்குள் வரும்.

இதை நான்கு பேர் எங்களுடையது என்றார்கள். ஸ்பெயின், ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா. ஒவ்வொருவரிடமும் ஒரு "நாங்கதான் முதல்ல பார்த்தோம்" கதை இருந்தது. 1792 மே மாதம் ராபர்ட் கிரே என்ற அமெரிக்க வணிகர் ஒரு பெரிய நதியின் முகத்துவாரத்துக்குள் கப்பலைச் செலுத்தி, அந்த நதிக்குத் தன் கப்பலின் பெயரையே வைத்தார். அதுதான் கொலம்பியா நதி. அதே வருடம் பிரிட்டிஷ் கடற்படையின் ஜார்ஜ் வான்கூவர் அந்தக் கடற்கரையை அளந்துகொண்டிருந்தார். அவருடைய அதிகாரி ஒருவர் அதே நதியில் இன்னும் வெகுதூரம் உள்ளே போய்வந்தார். 1805-இல் லூயிஸும் கிளார்க்கும் தரைவழியாக வந்து சேர்ந்தார்கள். 1811-இல் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற அமெரிக்கப் பணக்காரரின் கம்பெனி நதிமுகத்தில் அஸ்டோரியா என்ற கோட்டையைக் கட்டியது. 1812-இல் போர் வந்ததும் அது பிரிட்டிஷ் கைக்குப் போனது.

இந்த "முதல்ல பார்த்த" எல்லாருக்கும் முன்னாடியே அங்கே மக்கள் இருந்தாங்க என்பதைத் தனியா சொல்ல வேண்டியதில்லை. கொலம்பியா நதியில் சால்மன் மீன் ஏறும் காலத்தில், செலைலோ அருவிப் பக்கம் பல மொழி பேசும் மக்கள் கூடி வியாபாரம் செய்தார்கள். பல ஆயிரம் வருடங்களாக நடந்த சந்தை அது. நதிமுகத்தில் இருந்த சினூக் மக்கள் தேர்ந்த வியாபாரிகள். அவர்கள் மொழியிலிருந்தும் மற்ற மொழிகளிலிருந்தும் சொற்களை எடுத்து உருவான ஒரு கலப்பு மொழியில்தான் அந்தக் கடற்கரையில் எல்லோரும் பேரம் பேசினார்கள்.

1819-இல் ஸ்பெயின் 42-வது அட்சரேகைக்கு வடக்கே தனக்கு உரிமை இல்லை என்று ஒதுங்கியது. 1824, 1825 ஒப்பந்தங்களில் ரஷ்யா 54 டிகிரி 40 நிமிடத்துக்குத் தெற்கே வர மாட்டோம் என்றது. மிச்சம் ரெண்டே பேர்.

ஒரே வீடு, ரெண்டு குடித்தனம்

அந்த இரண்டு பேரும் 1818-இலேயே லண்டனில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். ராக்கி மலை வரைக்கும் 49-வது அட்சரேகைதான் எல்லை என்று எளிதாக முடிவானது. மலைக்கு மேற்கே போனதும் பேச்சு நின்றுவிட்டது. அமெரிக்கா சொன்னது, இதே 49-வது கோட்டைக் கடல் வரைக்கும் நீட்டலாம். பிரிட்டன் சொன்னது, இல்லை, கொலம்பியா நதிதான் எல்லை.

முடியாத விஷயத்தை என்ன செய்வோம்? தள்ளிப்போடுவோம். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். பத்து வருடத்துக்கு இரண்டு நாட்டு மக்களும் அங்கே தாராளமாக வரலாம், போகலாம், வியாபாரம் செய்யலாம். யாருடைய உரிமையும் இதனால் குறையாது. 1827-இல் இதைக் காலவரையறை இல்லாமல் நீட்டித்தார்கள். ஒரு வருடம் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சரித்திரப் புத்தகங்களில் இதைக் கூட்டு ஆக்கிரமிப்பு என்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், பட்டா யார் பேரிலும் இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் நான் கவனிச்ச ஒரு வரி இருக்கு. இந்த ஏற்பாடு எங்கள் இருவர் உரிமையையும் பாதிக்காது, வேறு எந்த நாட்டின் உரிமையையும் பாதிக்காது என்று எழுதியிருக்கிறார்கள். வேறு நாடு என்றால் ஸ்பெயின், ரஷ்யா. சினூக்கோ, கலப்பூயாவோ, சினிக்ஸ்டோ அந்தக் கணக்கில் வரவில்லை. எல்லை எங்கேன்னு சண்டை போட்ட ரெண்டு பேரும், யாரைக் கேட்க வேண்டியதில்லைங்கிறதுல மட்டும் முதல் நாளிலேயே ஒத்துப்போயிட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பீவரை அழிச்சா ஆள் வரமாட்டான்

அடுத்த இருபது வருடம் அங்கே நிஜமாக ஆட்சி செய்தது எந்த அரசாங்கமும் இல்லை. ஒரு கம்பெனி. 1670-இல் ஆரம்பித்த ஹட்சன்ஸ் பே கம்பெனி. வியாபாரம், பீவர் தோல். அணை கட்டி வாழும் அந்தச் சின்ன விலங்கின் உள்முடியில் செய்த தொப்பி அன்றைய ஐரோப்பாவில் பெரிய மனிதர்களின் அடையாளம்.

1825-இல் கம்பெனி கொலம்பியா நதியின் வடகரையில் ஃபோர்ட் வான்கூவர் என்ற தலைமையிடத்தைத் திறந்தது. ஏன் வடகரை? கம்பெனியின் கவர்னர் ஜார்ஜ் சிம்ப்சன், நாளைக்கு எல்லை நதியில்தான் வரும் என்று கணக்குப் போட்டார். தென்கரை கைவிட்டுப் போகும் நிலம். அப்படியானால் அங்கே இருக்கும் பீவரை எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்?

இங்கேதான் ஒரு குரூரமான யோசனை வருது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பீவரைத் தேடித்தான் மேற்கே வருகிறார்கள். நதிக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பீவரே இல்லாமல் செய்துவிட்டால் அவர்கள் வருவதற்குக் காரணமே இருக்காது. வழக்கமாகக் கம்பெனி குட்டிகளை விட்டுவைத்து, ஓடைகளுக்கு ஓய்வு கொடுத்து வேட்டையாடும். இங்கே மட்டும் ஒன்றைக்கூட விடாதே என்று உத்தரவு. பீட்டர் ஸ்கீன் ஆக்டன் தலைமையில் குழுக்கள் வருடா வருடம் போய் ஸ்நேக் நதிப் பகுதியின் ஓடைகளைத் துடைத்தெடுத்தன. எல்லைக்காக ஒரு நிலப்பரப்பையே வேலி ஆக்கிய வேலை இது.

ஆனா கணக்கு தப்பாயிடுச்சு. பட்டுத் தொப்பி ஃபேஷன் வந்து பீவர் விலை இறங்கியது. வந்த அமெரிக்கர்களும் பீவருக்காக வரவில்லை. மண்ணுக்காக வந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. 1830-இலிருந்து மூன்று நான்கு வருடங்கள் கொலம்பியாவின் கீழ்ப்பகுதியிலும் வில்லமெட் பள்ளத்தாக்கிலும் காய்ச்சல் பரவியது. மலேரியா என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். கப்பல்களோடு வந்த நோய். சினூக், கலப்பூயா கிராமங்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் இறந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. பிறகு வந்த குடியேறிகள் ஆளில்லாத அழகான பள்ளத்தாக்கு என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்கள் என்றால், அது எப்படி ஆளில்லாமல் போனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாரமா, சொந்த நிலமா?

1843-இல் சுமார் 900 பேர் ஒரே பருவத்தில் மாட்டுவண்டிகளில் ஓரிகன் பாதை வழியாக வந்தார்கள். 3,200 கிலோமீட்டர். ஐந்தாறு மாதப் பயணம். வந்து சேரும்போது கையில் தானியம் இல்லை, மாடுகள் செத்திருக்கும், குளிர்காலம் வாசலில் நிற்கும்.

அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? பக்கத்தில் இருக்கும் ஒரே கடை, போட்டி நாட்டின் கம்பெனிக் கடை. அதன் தலைவர் ஜான் மெக்லாக்லின். ஆறடிக்கு மேல் உயரம், தோள் வரை தொங்கும் வெள்ளை முடி. குடியேறிகளை ஊக்கப்படுத்தக் கூடாது என்பது அவருக்கு மேலிடத்தின் விருப்பம். அவர் விதை கொடுத்தார், படகு அனுப்பினார், கடனுக்குச் சாமான் கொடுத்தார். பசித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் கலவரம் வரும் என்ற கணக்கும் இருந்திருக்கும், இரக்கமும் இருந்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார். எல்லோரையும் நதிக்குத் தெற்கே வில்லமெட் பக்கமாகவே போகச் சொன்னார்.

பிரிட்டிஷ் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1841-இல் இன்றைய வின்னிபெக் பகுதியில் இருந்த ரெட் ரிவர் குடியிருப்பிலிருந்து சுமார் 120 பேரைக் கம்பெனி மலைகளைத் தாண்டி அழைத்து வந்து, நதிக்கு வடக்கே ப்யூஜெட் சவுண்ட் பக்கம் குடியேற்றியது. ஆனால் நிலம் கம்பெனியுடையது. பயிர் செய்யலாம், விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். நம்ம பாஷையில் வாரம். தெற்கே போனால் அமெரிக்கர்கள் ஆளுக்கு 640 ஏக்கர் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சில வருடங்களில் அந்த ரெட் ரிவர் குடும்பங்களில் பெரும்பாலானவை தெற்கே நடந்துவிட்டன. ராஜ விசுவாசம் ஒரு பக்கம், சொந்த நிலம் ஒரு பக்கம். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

1843 மே 2 அன்று சாம்போயெக் என்ற இடத்தில் குடியேறிகள் கூடி, தற்காலிக அரசாங்கம் ஒன்றை அமைக்க வாக்கெடுத்தார்கள். 52-க்கு 50 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த அரசாங்கம் செய்த முக்கியமான வேலை நிலத்தைப் பதிவு செய்வது.

அது செய்த இன்னொரு வேலையும் உண்டு. 1844-இல் கறுப்பின மக்கள் ஓரிகனில் வசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அந்த வருடம் வந்து சேர்ந்த குழுவில் ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பினக் குடியேறி இருந்தார். வசதியானவர், கூட வந்தவர்களுக்கு உதவியவர். தெற்கே தங்க முடியாது என்றானதும் அவரும் அவருடைய வெள்ளை நண்பர்களும் சுமார் முப்பது பேராக வடக்கே போனார்கள். 1845-இல் ப்யூஜெட் சவுண்டின் தென்கோடியில் இன்றைய டம்வாட்டர் ஊரை ஆரம்பித்தார்கள். நதிக்கு வடக்கே அமெரிக்கர்களின் முதல் நிரந்தரக் குடியிருப்பு அதுதான். யோசிச்சுப் பாருங்க. அமெரிக்கா ஆசைப்பட்ட பகுதியில் அமெரிக்கக் கொடிக்கு முதலில் இடம்பிடித்துக் கொடுத்ததில், அமெரிக்கர்களே வெளியே போ என்று சொன்ன ஒருவருக்குப் பங்கு இருக்கிறது. பிறகு வந்த நிலச் சட்டத்திலும் அவருக்கு உரிமை இல்லை. 1855-இல் நாடாளுமன்றம் அவருக்காகத் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்த நிலத்தை அவர் பெயருக்குக் கொடுத்தது.

கத்தினது எவ்வளவு, கிடைச்சது எவ்வளவு

இப்போ பேச்சுவார்த்தைக்கு வருவோம். முழு ஓரிகனுக்காகவும் சண்டை நடந்ததாகத் தோன்றும். உண்மையான தகராறு ஒரு முக்கோணம் பற்றியது. 49-வது அட்சரேகைக்கும் கொலம்பியா நதிக்கும் நடுவில், இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பாதி. நதிக்குத் தெற்கே அமெரிக்காவுக்கு, 49-க்கு வடக்கே பிரிட்டனுக்கு என்பதில் உள்ளுக்குள் இரு தரப்புக்குமே பெரிய சந்தேகம் இல்லை.

அந்த முக்கோணம் ஏன் முக்கியம்? துறைமுகம். கொலம்பியா நதிமுகம் மணல்திட்டுகளும் பேரலைகளும் நிறைந்தது. 1841-இல் ஆய்வுக்கு வந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பீகாக் அங்கேயே தரைதட்டி உடைந்தது. ஆழமான, பாதுகாப்பான கடல் வேண்டுமென்றால் ப்யூஜெட் சவுண்ட் வேண்டும். பசிபிக்கைத் தாண்டி சீனாவோடு வியாபாரம் செய்ய ஆசைப்பட்ட நாட்டுக்கு அது பெரிய விஷயம்.

1844 தேர்தலில் ஜேம்ஸ் போல்க் ஜெயித்தார். முழு ஓரிகனும் வேண்டும் என்பது அவருடைய கட்சியின் நிலைப்பாடு. "54-40 இல்லைன்னா சண்டை" என்ற கோஷத்தால்தான் அவர் ஜெயித்தார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது தப்பு. அந்தக் கோஷம் தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் பிரபலமானது.

போல்க் மேடையில் ஒன்று பேசினார், மேசையில் இன்னொன்று. 1845 மார்ச்சில் பதவியேற்பு உரையில் ஓரிகன் மீது எங்கள் உரிமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்றார். ஜூலையில் அவருடைய வெளியுறவுச் செயலர் புக்கானன், சத்தமில்லாமல் 49-வது கோட்டையே திரும்ப முன்வைத்தார். பிரிட்டிஷ் தூதர் பேக்கன்ஹாம் லண்டனைக் கேட்காமலேயே முடியாது என்று சொல்லிவிட்டார். போல்க் கோபத்தோடு வாபஸ் வாங்கினார். லண்டனில் வெளியுறவு அமைச்சர் அபெர்டீனுக்குத் தலைவலி. ஏனென்றால் அவரே அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய தயாராக இருந்தார். ஒரு தூதரின் அவசரத்தால் இரண்டு நாடுகளும் ஒரு வருடம் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. வேட்டைக்கு வந்த கனவான்கள் போல வேஷம் போட்டு வார், வாவசூர் என்ற இரண்டு பிரிட்டிஷ் லெஃப்டினன்ட்கள் ஓரிகனை உளவு பார்த்தார்கள்.

1846 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஒரு வருட நோட்டீஸுக்கு ஒப்புதல் தந்தது. மே 13-ஆம் தேதி மெக்சிகோ மீது போர் அறிவித்தது. ஒரே நேரத்தில் இரண்டு போரா? பிரிட்டனில் பிரதமர் பீல், இறக்குமதித் தானியத்துக்கு வரி போடும் சட்டத்தை ரத்து செய்யப் போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு அமெரிக்காவோடு வியாபாரம் வேண்டும், சண்டை வேண்டாம். ஹட்சன்ஸ் பே கம்பெனியே 1843-இல் வான்கூவர் தீவின் முனையில் ஃபோர்ட் விக்டோரியாவைக் கட்டி, மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தது. பீவர் முடிந்த, ஆயிரக்கணக்கில் அமெரிக்கக் குடியேறிகள் எதிரே நிற்கும் ஒரு நதிக்கரைக்காக எதற்குப் போர்?

1846 ஜூன் 15-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 49-வது அட்சரேகை கடல் வரைக்கும் நீண்டது. வான்கூவர் தீவு முழுவதும் பிரிட்டனுக்கு. மூன்று நாளில் செனட் 41-க்கு 14 என்று ஏற்றுக்கொண்டது. பீல் தன் ராஜினாமா உரையிலேயே இந்தச் சமாதானத்தை அறிவித்துவிட்டு இறங்கினார்.

28 வருஷம் கத்தி, மிரட்டி, உளவு பார்த்து, பீவரை அழிச்சு, வண்டி வண்டியா ஆளைக் கொண்டுவந்து, கடைசியில் வந்து நின்றது 1818-இல் அமெரிக்கா முதல் நாள் சொன்ன அதே கோட்டில். தீவின் நுனி மட்டும்தான் வித்தியாசம்.

மெக்லாக்லின்? கம்பெனிக்குப் பிடிக்காதவராகி, விலகி, ஓரிகன் சிட்டியில் குடியேறி, அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கினார். 1850-இல் வந்த அமெரிக்க நிலச் சட்டம் அங்கே அவர் உரிமை கொண்டாடிய நிலத்தைப் பறித்தது. அவர் இறந்து நூறு வருடம் கழித்து, 1957-இல், ஓரிகன் மாநிலம் அவருக்கு ஓரிகனின் தந்தை என்று பட்டம் கொடுத்தது.

உருளைக்கிழங்கு தின்ன பன்றி

கோடு போட்டாச்சு, கதை முடிஞ்சுதா? இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம். எல்லை, கண்டத்தையும் வான்கூவர் தீவையும் பிரிக்கும் கடல்கால்வாயின் நடுவே போகும். ஆனால் அங்கே கால்வாய்கள் ஒன்றுக்கு மேல். மேற்கே ஹாரோ, கிழக்கே ரொசாரியோ. நடுவில் சான் ஹுவான் தீவுகள். எந்தக் கால்வாய் என்று எழுதவில்லை.

ஆக, அதே பழைய கதை சின்ன அளவில் மறுபடியும். 1853-இல் கம்பெனி சான் ஹுவான் தீவில் ஆட்டுப் பண்ணை போட்டது. அமெரிக்கக் குடியேறிகள் சிலர் வந்து தோட்டம் போட்டார்கள். 1859 ஜூன் 15, ஒப்பந்தம் கையெழுத்தாகி சரியாக 13 வருடம். லைமன் கட்லர் என்ற அமெரிக்கர் தன் தோட்டத்தில் உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்த பன்றியைச் சுட்டார். அது கம்பெனிப் பன்றி. அவர் 10 டாலர் தருகிறேன் என்றார், பண்ணை நிர்வாகி 100 கேட்டார் என்பது பிரபலமான கதை. கட்லரைக் கைது செய்வார்கள் என்று பேச்சு வந்ததும் அமெரிக்கர்கள் ராணுவப் பாதுகாப்பு கேட்டார்கள். கேப்டன் ஜார்ஜ் பிக்கெட் அறுபதுக்கு மேற்பட்ட வீரர்களோடு இறங்கினார். பிரிட்டிஷ் கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். இந்த டக்ளஸ், ஒரு காலத்தில் ஃபோர்ட் வான்கூவரில் மெக்லாக்லினுக்குக் கீழே வேலை பார்த்தவர்.

ஆகஸ்டில் தீவில் 461 அமெரிக்கர்கள், கடலில் ஐந்து பிரிட்டிஷ் கப்பல்கள், 2,000-க்கும் மேற்பட்ட வீரர்கள். இதில் ஒரு நல்ல மனிதர், அட்மிரல் பெய்ன்ஸ். ஒரு பன்றிக்காக இரண்டு பெரிய நாடுகளைப் போருக்குள் இழுக்க மாட்டேன் என்று வீரர்களை இறக்க மறுத்தார். வாஷிங்டனிலிருந்து முதிய தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் வந்து சமரசம் செய்தார். தீவின் இரண்டு முனைகளில் ஆளுக்கு நூறு பேருக்கு மிகாமல் தங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் ஒரே வீடு, ரெண்டு குடித்தனம். இது 1872 வரை நீடித்தது. அந்த அக்டோபரில் நடுவராக இருந்த ஜெர்மன் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்ம், ஹாரோ கால்வாய்தான் எல்லை, தீவுகள் அமெரிக்காவுக்கு என்று தீர்ப்பு சொன்னார். மொத்தத்தில் செத்தது அந்தப் பன்றி ஒன்றுதான் என்று இந்தக் கதையை முடிப்பது வழக்கம்.

நானும் பல வருஷம் இந்தக் கதையை அப்படித்தான் நண்பர்கள்கிட்ட சொல்லிட்டிருந்தேன். சிரிச்சுட்டு முடிக்கலாம், நல்ல கதை. ஆனா அந்தத் தீவைச் சுத்தி லம்மி உள்ளிட்ட மக்கள் தலைமுறை தலைமுறையா சால்மனுக்கு வலை போட்டிருக்காங்க. பெர்லினில் இருந்த சக்கரவர்த்தியைக் கேட்டவர்கள், பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்கவில்லை.

கோடு நடுவில் வந்த காடு

இப்போ அந்த எல்க்குக்குத் திரும்புவோம்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1850-களின் கடைசியில் இரு நாட்டு சர்வேயர்களும் காட்டுக்குள் போய் மரங்களை வெட்டி 49-வது கோட்டைத் தரையில் காட்டினார்கள். கொலம்பியா நதியின் மேல்பகுதியில் வாழ்ந்த சினிக்ஸ்ட் மக்களின் நிலத்தை அது குறுக்கே வெட்டியது. வடக்கே குளிர்கால ஊர்கள், தெற்கே மீன்பிடி அருவி. சுரங்கமும் குடியேற்றமும் வந்த பிறகு பலர் தெற்குப் பக்கமே தங்கிப்போனார்கள். அவர்களையும் மற்ற மக்களையும் வைத்த கோல்வில் ஒதுக்கிடம் உருவானதும் 1872-இல்தான். ஜெர்மன் சக்கரவர்த்தி தீர்ப்பு சொன்ன அதே வருடம்.

1956-இல் கனடா அரசு, தன் பட்டியலில் இருந்த அந்தக் குழு அற்றுப்போனது என்று அறிவித்தது. எல்லைக்குத் தெற்கே உயிரோடு இருந்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதனால்தான் 2010-இல் எல்க்கைச் சுட்டவர் தானாகவே அதிகாரிகளிடம் சொன்னார். வழக்கு வரவேண்டும் என்பதுதான் நோக்கம். கீழ் நீதிமன்றங்களில் எல்லாம் ஜெயித்து, 2021 ஏப்ரல் 23-இல் கனடா உச்ச நீதிமன்றத்திலும் 7-க்கு 2 என்று ஜெயித்தார். ஐரோப்பியர்கள் வந்த காலத்தில் கனடா நிலத்தில் வாழ்ந்த மக்களின் இன்றைய வழித்தோன்றல்கள் எல்லைக்கு வெளியே வாழ்ந்தாலும், கனடாவின் அரசியல் சட்டம் பாதுகாக்கும் பூர்வகுடி உரிமை அவர்களுக்கும் இருக்கலாம் என்றது தீர்ப்பு. 1846 ஒப்பந்தத்தில் பெயரே இல்லாத ஒரு மக்கள், 175 வருடம் கழித்து அதைப் பற்றிப் பேச ஒரு நாற்காலி வாங்கினார்கள்.

இதைப் பெரிய வெற்றின்னு சொல்லி முடிக்கலாம். ஆனா அந்தத் தீர்ப்புல ஒரு இடத்துல நான் நின்னுட்டேன். வேட்டையாட உரிமை உண்டு, சரி. அங்கே வேட்டையாட வேண்டுமென்றால் முதலில் எல்லையைத் தாண்டி வர வேண்டுமே, அதற்கு உரிமை உண்டா? அந்தக் கேள்விக்கு இந்த வழக்கில் பதில் சொல்லத் தேவையில்லை என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். 1818-இல் லண்டனில் செய்த மாதிரியே, தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். இதைக் கேட்டப்போ உங்களுக்குத் தெரிஞ்ச வேற எந்த எல்லைக் கோடு ஞாபகம் வந்ததுன்னு எழுதுங்க. எழுதும்போது, அந்தக் கோட்டைப் போடுறப்போ யாரைக் கேட்கலைங்கிறதையும் சேர்த்து எழுதுங்க.